ராக்கினியும் தவசிமுத்துவின் வலது காலும்

பெரிய வியாழக்கிழமை சாயங்காலம் ராயபுரத்திலேயே சுத்தமான பன்னிரண்டு ஜோடிக் கால்கள் எங்கள் கோயிலில்தான் இருக்கும். இயேசு தம் சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைத்து அன்று சாமியார் பன்னிரண்டு ஆண்களின் பாதங்களைக் கழுவித் துடைத்து முத்தமிடுவார். சாமியார் முத்தமிடப் போகிற காலை அழுக்கோடு நீட்ட முடியுமா? அதனால் பன்னிரண்டு பேரும் மத்தியானமே முக்காலி போட்டு உட்கார்ந்து, தேங்காய் நாரும் சோப்புமாகத் தேய்த்துத் தள்ளிவிடுவார்கள். ஒரு வருஷம் என் மனைவி என் குதிகால் வெடிப்பு தெரியக்கூடாதென்று முகப்பவுடரை அப்பி அனுப்பினாள். சாமியார் தண்ணீர் ஊற்றியதும் தாம்பாளத்தில் பால் மாதிரி ஓடியது. பாடகர் குழுப் பெண்கள் பாட்டை விட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

நான் பாஸ்கல். கோயில் பேரவைச் செயலாளர். துறைமுகத்தில் டாலி கிளார்க்காக, அதாவது கப்பலில் ஏறி இறங்கும் மூட்டைகளை எண்ணி எழுதுகிறவனாக, முப்பது வருஷம் இருந்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கொஞ்சம் ஜம்பமும் உண்டு. அந்தப் பன்னிரண்டு நாற்காலியில் ஒன்றில் என் அப்பா உட்கார்ந்தவர், அதனால் எந்தத் தெருவில் பெயர் குறைந்தாலும் அங்கே என் பெயர்தான் என்று நானே முடிவு செய்து வைத்திருந்தேன். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் எழுத வந்தது மோட்சராக்கினியைப் பற்றி. அவளைப் பற்றி எழுதும்போது என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ள வழியே இல்லை.

ராக்கினி காசிமேட்டில் இறால் உரிக்கும் கொட்டகையில் வேலை பார்த்தாள். குள்ளமான உருவம். காலையிலிருந்து ஐஸ் தண்ணீரில் ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருக்கும். பிள்ளை இல்லை. உலகத்தில் அவளுக்கென்று இருந்த ஒரே மனிதன் அவள் புருஷன் லூயிஸ். அவன் கப்பலின் அடியறையில் இறங்கி மூட்டை அடுக்குகிறவன். அவனுடைய உயிர்த்தோழன் தவசிமுத்து, மேல்தளத்தில் விஞ்சு ஓட்டுகிறவன். விஞ்சு என்றால் பாரத்தைக் கம்பியில் தூக்கி இறக்கும் இயந்திரம். கையில் ஒரு நெம்புகோல், வலது காலடியில் பிரேக்கு. தவசிமுத்து தூத்துக்குடிக்காரன். லூயிஸை அண்ணன் என்பான், ராக்கினியை அவன் ஊர் வழக்கப்படி மதினி, அதாவது அண்ணி, என்பான். அவளும் அவனைத் தவசண்ணன் என்றே கூப்பிடுவாள். கிறிஸ்துமஸ் என்றால் இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்புதான்.

1997 அக்டோபரில் ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டோடு தவசிமுத்து கொஞ்சம் ஊற்றிக்கொண்டு வந்திருந்தான். இதை விசாரணையில் அவனே சொன்னான், யாரும் வரவழைக்கவில்லை. உர மூட்டைகளின் இருபத்து மூன்றாவது தூக்கு. நான் அந்த எண்ணை எழுதிக்கொண்டிருந்தேன். அவன் வலது கால் பிரேக்கிலிருந்து வழுக்கியது. கீழே அண்ணாந்து கையசைத்துக்கொண்டிருந்த லூயிஸின் மேல் அந்தத் தூக்கில் தொங்கிய இருபது மூட்டையும் இறங்கின. அந்தச் சத்தத்தை எழுதத் தெரியவில்லை எனக்கு.

தவசிமுத்துவுக்கு வேலை போயிற்று. அவன் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கே போய்விட்டாள். அவன் கோயில் வாசலை மிதிப்பதை அன்றோடு விட்டான்.

ராக்கினி வந்துகொண்டிருந்தாள். ஞாயிறு தவறாமல், பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசை. பூசையில் கர்த்தர் கற்பித்த செபத்தை மைக்கில் தொடங்கி வைப்பது என் வேலை, அங்கே நின்றால் எல்லார் வாயும் தெரியும். எங்களுக்குத் தீங்கு செய்தவர்களை நாங்கள் மன்னிக்கிறோம் என்று சொல்லும் அந்த ஒரு வரி வரும்போது ராக்கினியின் வாய் மூடிக்கொள்ளும். வரி முடிந்ததும் மறுபடி திறக்கும். லூயிஸை அடக்கம் செய்த வாரத்தில் தொடங்கியது, ஒரு வருஷம், இரண்டு வருஷம், ஐந்து வருஷம் ஆகியும் மாறவில்லை. எனக்கு அவள்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. நாங்களெல்லாம் அந்த வரியை லெவல் கிராசிங்கில் கேட் திறந்ததும் பாய்கிற லாரி மாதிரி ஓட்டிக்கொண்டு போய்விடுகிறோம். அவள் ஒருத்திதான் பொய் சொல்லவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

2003ஆம் வருஷம் தவக்காலத்தில், வழக்கம்போலத் தெருவுக்கு ஒரு பெயர் எழுதிக் கொடுக்கச் சொன்னேன். பாதம் கழுவுவதற்கு. ராக்கினியின் தெருவிலிருந்து வந்த சீட்டைப் பிரித்தால், தவசிமுத்து என்று எழுதியிருந்தது. எனக்கு வந்ததே கோபம். புருஷனைக் கொன்றவனைக் கொண்டுவந்து பீடத்தில் சீடனாக உட்கார வைப்பதும், அதை அந்தப் பெண் மூன்றாவது வரிசையில் இருந்து பார்ப்பதுமா? எந்த வேலையற்றவன் செய்த விஷமம் இது? சீட்டை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டேன். அந்த இடத்தில் என் பெயரை எழுதினேன். ராக்கினிக்காக ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியில் அன்றைக்கு இரண்டு இட்லி கூடவே சாப்பிட்டேன்.

குருத்து ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை, கொட்டகையிலிருந்து நேராகக் கோயில் அலுவலகத்துக்கு வந்து நின்றாள். இடுப்பில் செருகிய சேலை, கையெல்லாம் இறால் வாடை.

"சாரு, எங்க தெரு பேரு இன்னா ஆச்சி?"

"அத்த உடு ராக்கினி. எவனோ கலீஜு புடிச்சவன் வெளையாடிக்கீறான். நான் கிழிச்சிப் போட்டேன். நீ மனசுல வச்சிக்காத."

"நான்தான் எழுதச் சொன்னேன்."

எனக்குக் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. "நீயா? யார ஏமாத்தற? அந்த ஒரு வரிய வாயத் தொறந்து சொல்லாத பொம்பள நீ. நான் பாத்துக்கினுதானே கீறேன், அஞ்சு வருசமா?"

அவள் முகம் ஒரு கணம் செத்தது. தன்னை ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தான் என்று அவளுக்குத் தெரியாது. அப்புறம், "ஒரு அஞ்சு நிமிசம் என்கூட வா சாரு," என்றாள். எப்போதும் "நீங்க" போடுகிறவள் அன்றைக்கு "வா" என்றாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு போனேன்.

அவள் வீட்டுக்குப் பின்சந்தில் தவசிமுத்துவின் வீடு. நான் வண்ணாரப்பேட்டைக்குக் குடிமாறிப் பல வருஷம் ஆகிவிட்டது, அந்தச் சந்துக்குள் நான் போனதே இல்லை. வாசலில் கயிறு கட்டி, கையகலத் துணிப் பட்டைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. கொதிக்க வைத்து அலசிய வெள்ளை. ஓரத்தில் நீலக் கரை. அந்தக் கரையை நான் எங்கேயோ பார்த்திருந்தேன்.

"லூயிஸு வேட்டியா?"

"பொட்டியில வச்சி இன்னா பண்றது சாரு. நல்ல பருத்தி. புண்ண உறுத்தாது."

உள்ளே போனதும் வாடை முகத்தில் அடித்தது. பலகைமேல் உட்கார்ந்திருந்தது தவசிமுத்து என்று சொன்னால்தான் தெரியும், அப்படி உருக்குலைந்திருந்தான். சர்க்கரை வியாதி. வலது கால் கணுக்கால் வரை கட்டுப் போட்டிருந்தது. என்னைக் கண்டதும் அந்தக் காலைச் சாக்குக்கு அடியில் இழுத்து மறைத்தான்.

ராக்கினி பானையில் ஆறவைத்த வெந்நீரை எடுத்தாள், கீழே உட்கார்ந்தாள், அந்தக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கட்டை நனைத்தாள், பொறுத்தாள், அவிழ்த்தாள். நான் கண்ணைத் திருப்பிக்கொண்டேன். அவள் ஐஸ் தண்ணீரில் செத்துப்போன அந்த விரல்களால் ஒவ்வொரு விரலிடுக்கையும் துடைத்துக்கொண்டிருந்தாள். நாலு வருஷமாகத் தினம் இரண்டு வேளை. காலையில் கொட்டகைக்குப் போகும்முன் ஒரு தரம், வந்த பிறகு ஒரு தரம்.

எப்படித் தொடங்கியது என்று கேட்டேன். அவள் வேலையை நிறுத்தாமல் சொன்னாள்.

"நல்ல மனசுல ஒண்ணும் வரல சாரு. இந்தாளு காலுல புழு வச்சிக்கீதுன்னு சந்துல பேசிக்கினாங்க. பாத்து சந்தோசப்படலாம்னுதான் வந்தேன். கர்த்தர் மேல சத்தியமா. வந்து நின்னா, இது இன்னா சொல்லுது தெரியுமா? இந்தக் காலுதான் மதினி வழுக்குச்சி, கெட்டு வுழட்டும் உடுங்குது. மருந்தே போடாம வச்சிக்கினு கீது, வேணும்னே. எனக்கு வந்துச்சி பாரு ஆத்திரம். எம் புருசன் செத்ததுக்குத் தண்டன குடுக்க நீ யாருய்யான்னு கேட்டேன். அந்த ஆத்திரத்துலயே ஒரு சொம்பு தண்ணிய மொண்டு ஊத்தனேன். ஊத்திட்டா அப்புறம் தொடைக்காம எப்பிடிப் போறது?"

தவசிமுத்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ராக்கினி புதுப் பட்டையைச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"ஈஸ்டரு முடிஞ்சி செவ்வாக்கெழம பெரியாஸ்பத்திரில எடுக்கப் போறாங்க சாரு, முட்டிக்குக் கீழ. அதுக்குள்ள இந்தக் கால ஒரு தபா கோயிலாண்ட இட்டுக்கினு போவணும். இந்தக் காலத்தான். வேற ஒண்ணும் கேக்கல."

"வேண்டாம் மதினி," என்றான் தவசிமுத்து. "சாமி தொடுற காலா இது?"

"யோவ், நீ சும்மா கெட."

வெளியே வந்ததும் கேட்டேன், அப்படியானால் அந்த வரியை ஏன் சொல்வதில்லை என்று. அவள் தன் கைகளை விரித்துப் பார்த்தாள். "கை வருது சாரு. வாய் வரமாட்டேங்குது," என்றாள். சொல்லிவிட்டுப் பட்டைகளை உருவி மடிக்கப் போய்விட்டாள். ஞானோபதேச வகுப்பில் முப்பது வருஷம் மன்னிப்பைப் பற்றிப் பாடம் நடத்தியவன் நான். அந்தச் சந்தில் எனக்கு நிற்கக்கூடக் கூச்சமாக இருந்தது.

என் பெயரை அடித்துத் தவசிமுத்துவை எழுதினேன். அந்த வருஷம் என் கால்களுக்கு வேலை இல்லை.

வியாழன் சாயங்காலம் ஆட்டோக்காரர் சௌக்கத் அலி அவனைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டு வந்து கடைசி நாற்காலியில் உட்கார வைத்தார். பதினோரு ஜோடி பளபளக்கும் கால்கள், பன்னிரண்டாவதாக ஒரு கட்டு. ஏப்ரல் மாதப் புழுக்கம். வாடை மெல்லப் பரவியது. பக்கத்து நாற்காலிக்காரர் தும்முகிற சாக்கில் நாற்காலியை ஒரு சாண் நகர்த்திக்கொண்டார். சிலர் தவசிமுத்துவை அடையாளம் கண்டு என்னை முறைத்தார்கள். நான் கூரையைப் பார்த்தேன்.

சாமியார் புதிதாக வந்திருந்த இளவயதுக்காரர். பதினோரு பேரை வரிசையாக முடித்துக்கொண்டு கடைசியில் வந்து மண்டியிட்டார். கட்டின் முடிச்சை அவிழ்த்து இழுத்தார். துணி புண்ணோடு காய்ந்து ஒட்டியிருந்தது. தவசிமுத்து பல்லைக் கடித்தான். சாமியார் கை நின்றது. திரும்பி என்னைப் பார்த்தார். நான் பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையைப் பார்த்தேன்.

அந்தக் காலத்தில் பாதம் கழுவும் சடங்கில் பெண்கள் பீடத்தருகே வருகிற வழக்கமில்லை. ராக்கினி யாரையும் கேட்கவில்லை. எழுந்து, தலைமுக்காட்டை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்து வந்தாள்.

"தள்ளிக்கோ சாமி," என்றாள். "இழுத்தா தோலு வந்துரும். நனைய உடணும்."

காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். வெள்ளிக் கூஜாவை வாங்கி, தண்ணீரைத் துளித்துளியாக விட்டாள். பாட்டு முடிந்துபோயிற்று, அடுத்த பாட்டைத் தொடங்க யாருக்கும் தோன்றவில்லை. அவள் பொறுத்தாள். நாங்களும் பொறுத்தோம். அறுநூறு பேர் இருந்த கோயிலில் தண்ணீர் தாம்பாளத்தில் சொட்டுகிற சத்தம் கேட்டது. நீலக் கரை போட்ட துணி சுற்றுச் சுற்றாகக் கழன்று வந்தது. புருஷனின் வேட்டி. புருஷனைக் கொன்ற கால். துறைமுகத்துக்காரர்கள் நிறைந்த கோயில் எங்களுடையது, அந்தக் கால் எது என்று அங்கே தெரியாதவர் இல்லை. வரிசை வரிசையாகப் புரிந்துகொண்டு வருவதை நான் கண்ணால் பார்த்தேன். முன்வரிசையில் ஒருவர் மண்டியிட்டார், பின்னால் ஒருவர், அப்புறம் மொத்தக் கோயிலும். நாற்காலியை நகர்த்தியவர் அழுதுகொண்டிருந்தார்.

தவசிமுத்துவின் உடம்பு குலுங்கியது. "ஆடாதய்யா, தண்ணி செதறுது," என்று அதட்டினாள் ராக்கினி, வீட்டில் அதட்டுவது போலவே. சாமியார் அவளுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு அவள் சொன்ன இடத்தில் சொன்னபடி துடைத்தார். பிறகு குனிந்து அந்தக் காலை முத்தமிட்டார். பிறந்ததிலிருந்து ஐம்பத்தெட்டு பெரிய வியாழனுக்குக் கோயிலில் இருந்திருக்கிறேன். பெரிய வியாழன் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இனி அந்த வரியைச் சொல்லிவிடுவாள் என்று நம்பினேன். பூசையில் செபத்தைத் தொடங்கி வைத்துவிட்டு அவளையே பார்த்தேன். வரி வந்தது. அவள் வாய் மூடிக்கொண்டது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. இவ்வளவு செய்தவளுக்கு இது முடியாதா?

செவ்வாய்க்கிழமை அந்தக் காலை எடுத்தார்கள். கூட இருந்து கையெழுத்துப் போட்டவள் ராக்கினிதான், உறவு என்ற இடத்தில் "அண்ணி" என்று எழுதச் சொன்னாளாம். எடுத்த காலை அடக்கம் செய்வதற்குக் கடிதத்தோடு உறவினரிடம் கொடுப்பதுண்டு. வெள்ளைத்துணி சுற்றிய அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு சௌக்கத் அலியின் ஆட்டோவில் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தாள். செபம் சொல்ல என்னை வரச் சொல்லியிருந்தாள்.

நான் மூலையில் ஏதாவது ஓர் இடம் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் நேராக லூயிஸின் கல்லறைக்குப் போனாள். குழி வெட்டுகிறவரிடம் கால்மாட்டைக் காட்டி, "இங்க ரெண்டடி தோண்டுப்பா," என்றாள். என்னிடம் திரும்பி, "அந்தாளு போனாலும் இங்கதான் சாரு. பேரு எழுதி வச்சிக்க," என்றாள்.

எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இடம் குறைவு. புருஷன் குழியிலேயே பின்னால் பெண்டாட்டியை வைப்பதுதான் வழக்கம். ஆனால் ஒரு முறை மூடிய குழியை ஏழு வருஷம் கழியாமல் திறக்கக் கூடாது; கால்மாட்டில் இரண்டடி மேலாகத் தோண்டுவது அந்தக் கணக்கில் வராது. செயலாளர் என்கிற முறையில் அதை எடுத்துச் சொன்னேன். "ராக்கினி, அது உனக்குன்னு கீற எடம். அவன வச்சிட்டா ஏழு வருசத்துக்குத் தொறக்க மாட்டாங்க. நடுவுல உனக்கு ஏதானா ஆச்சின்னா நீ எங்க போவ?"

"தெரியும் சாரு," என்றாள்.

காலை உள்ளே வைத்தார்கள். மண் தள்ளுவதற்கு முன்னால் ராக்கினி குனிந்து, லூயிஸின் கல்மேல் கையை வைத்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனிடம் பேசுவது போலச் சாதாரணமாகப் பேசினாள்.

"தவசண்ணன் காலு வந்துக்கீது. உன்ன கேக்காம நான் மட்டும் எப்பிடி சொல்றது? பட்டவன் நீ. அதான் உன்னாண்டயே இட்டாந்தேன். பாத்துக்கோ. நான் சொல்லிடப் போறேன்."

அவள் அவனை அண்ணன் என்று சொல்லி ஐந்தரை வருஷம் ஆகியிருந்தது. நான் செபத்தைத் தொடங்கினேன். அந்த வரி வந்தது. ராக்கினி சொன்னாள். உரக்கச் சொன்னாள், ஒவ்வொரு சொல்லாக, கல்மேல் வைத்த கையை எடுக்காமல். என்னால் மேலே சொல்ல முடியவில்லை. மிச்சத்தை அவளே சொல்லி முடித்தாள். சற்றுத் தள்ளி நின்றிருந்த சௌக்கத் அலி, "ஆமீன்" என்றார்.

தவசிமுத்து அதற்குப் பிறகு ஒற்றைக் காலோடு ஞாயிறுதோறும் வந்தான். 2005இல் போனான். சொல்லி வைத்தபடி லூயிஸின் குழியைத் திறந்து அவனை வைத்தோம். மண் தள்ளும்போது ராக்கினி பக்கத்தில் நின்று, நாய் தோண்டாதபடி நன்றாக மிதிக்கச் சொன்னாள்.

ராக்கினி 2009இல் போனாள், மார்ச்சு மாதம், மூன்று நாள் காய்ச்சலில். இன்னும் மூன்று வருஷம் பாக்கி இருந்தது. திறக்கக் கேட்டுப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன், விதி விதிதான் என்றார்கள். லாரிகள் போகிற சாலையோரம், மதிலை ஒட்டி, முன்பின் தெரியாத இரண்டு பேருக்கு நடுவில் அவளை வைத்தோம். அங்கிருந்து பார்த்தால் லூயிஸின் கல் தெரியாது. கல்லறைத் திருநாளன்று நான் முதல் மெழுகுவர்த்தியை அவளுக்கு ஏற்றிவிட்டு, அப்புறம்தான் என் அப்பா அம்மாவிடம் போகிறேன். அந்த ஏழு வருஷ விதியை அவளுக்குச் சொன்னவன் நான். தெரியும் சாரு என்று சொன்னவள் அவள்.